பழைய எஸ்எல்கே: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் முறை

என்னிடம் இருப்பது 1999 மாடல் மெர்சிடிஸ் எஸ்எல்கே 230 கொம்ப்ரெஸர். ஆர்170 என்று சொல்லப்படும் முதல் தலைமுறை. இரும்புக் கூரை தானாக மடிந்து டிக்கிக்குள் போகும் இரண்டு சீட் வண்டி. பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்தது. அவருக்கு முழங்கால் வலி வந்த பிறகு அடையாறில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. நான் எடுத்தபோது கூரை நகரவில்லை, கியர் மாறவில்லை, உள்ளே பூஞ்சை வாடை. இப்போது அதே வண்டியில் கூரையைத் திறந்துகொண்டு மகாபலிபுரம் வரை போய்வருகிறேன்.

உங்களிடம் இருப்பது அதே காலத்து சிஎல்கேயோ வேறு மெர்சிடிஸ் கூபேயோ என்றாலும் இங்கே சொல்வதில் பாதிக்கு மேல் பொருந்தும். எஸ்எல்கேயின் அடித்தளத்தில்தான் கிரைஸ்லர் கிராஸ்ஃபயர் காரும் கட்டப்பட்டது. அதற்கென்று அமெரிக்கர்கள் எழுதிவைத்த பழுதுக் குறிப்புகள் ஏராளம், தேடிப் படியுங்கள். இன்னொன்று: 2000க்கு முந்தைய எஸ்எல்கேயில் ஸ்கேனர் மாட்டும் இடம் எஞ்சின் அறையில் இருக்கும் 38 முள் வட்ட சாக்கெட். மலிவாகக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனரை நம்பி இறங்க வேண்டாம். ஒரு மல்டிமீட்டர், ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், டார்க்ஸ் (நட்சத்திர வடிவ) பிட் செட், வண்டிக்கு அடியில் போவதென்றால் ஒரு ஜோடி ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது.

இந்த வண்டியில் நான் வீணாகச் செலவழித்தது எல்லாம் அளந்து பார்க்காமல் சாமான் மாற்றியதில்தான். அதனால் எந்த அறிகுறிக்கும் முதல் வேலை ஒன்றுதான்.

எதுவாக இருந்தாலும், முதலில் பேட்டரி

ராத்திரி முழுக்க ஓய்வாக நின்ற வண்டியில் காலையில் பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையில் நிற்க வேண்டும். சென்னை வெயில் பேட்டரியைச் சீக்கிரம் கொன்றுவிடும். வோல்டேஜ் இறங்கினால் இந்த வண்டியின் கண்ட்ரோல் யூனிட்டுகள், அதாவது உள்ளே இருக்கும் சின்ன கம்ப்யூட்டர்கள், சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை விளக்குகளை எரியவிடும்.

நான்கு நாள் நின்றால் இறங்கிவிடுகிறதா? நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்து, கதவுகளை மூடி, அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். வண்டி தூங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த லைனில்தான் கசிவு. மீட்டர் மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் மட்டும் செய்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.

திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் வண்டி நிற்கிறது என்றால் எர்த் ஒயர்களையும் கழற்றிப் பாருங்கள். வெளியே பளபளப்பாக இருக்கும், போல்ட்டுக்கு அடியில் உப்புக்காற்று பச்சையாகப் பூத்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசினால் போதும்.

கூரை நகரவில்லை, அல்லது பாதியில் நிற்கிறது

இந்த வண்டியின் உயிரே இந்தக் கூரைதான். முழுதாகத் திறக்கவோ மூடவோ 25 விநாடி. ஒரு மின் பம்பு எண்ணெயை அழுத்துகிறது, அந்த அழுத்தத்தில் சிலிண்டர்கள் நகர்கின்றன, ஒவ்வொரு கட்டமும் முடிந்ததை ஒரு சின்ன ஸ்விட்ச் கண்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்கிறது. அந்தச் செய்தி வராவிட்டால் அடுத்த கட்டம் நடக்காது. அதனால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பம்பு சத்தம் வருகிறதா, கண்ணாடிகள் இறங்குகின்றனவா, எந்த இடத்தில் நிற்கிறது: இந்த மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஸ்விட்சை அழுத்தினால் எந்தச் சத்தமும் இல்லை, கண்ணாடியும் இறங்கவில்லை என்றால், கூரை போகவே வேண்டாம் என்று வண்டி முடிவு செய்துவிட்டது. வண்டி முழுதாக நிற்க வேண்டும், டிக்கி சரியாக மூடியிருக்க வேண்டும், டிக்கிக்குள் இருக்கும் சுருள் திரை இழுத்து இருபக்கமும் மாட்டியிருக்க வேண்டும். மடிந்த கூரை வந்து உட்காரும் இடத்தில் பெட்டி ஏதும் இல்லை என்பதற்கு அந்தத் திரைதான் சாட்சி. வயதான வண்டிகளில் அது மாட்டியது போலத் தெரியும், ஆனால் உள்ளே இருக்கும் மைக்ரோ ஸ்விட்ச் அமுங்கியிருக்காது. திரையை மாட்டி, அதன் முனையை விரலால் அழுத்திப் பிடியுங்கள். இன்னொருவரை டிக்கிப் பக்கம் காதை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். மெல்லிய ‘டிக்’ சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, மல்டிமீட்டரின் பீப் நிலையில் வைத்து ஸ்விட்சைச் சோதியுங்கள். என் வண்டியில் கூரை நகராததற்கு முழுக் காரணமும் இந்த ஒரு ஸ்விட்ச்தான். அதற்கு முன்னால் பார்த்த ஒரு ஒர்க்‌ஷாப், பம்பையே மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தது.

கண்ணாடி இறங்குகிறது, பம்பு சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பம்புக்குப் போகும் ஒயர், இந்த வரிசையில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள்.

பம்பு முனகுகிறது, கூரை அசையவில்லை, அல்லது கிழவர் படியேறுவது போல ஏறுகிறது என்றால் எண்ணெய் குறைந்திருக்கிறது. டிக்கிக்குள் லைனிங்குக்குப் பின்னால் பம்போடு சேர்ந்த எண்ணெய்த் தொட்டி இருக்கும். கையேடு சொல்லும் நிலையில் கூரையை வைத்து அளவைப் பாருங்கள். குறைந்தால் மெர்சிடிஸ் சொன்ன ஹைட்ராலிக் எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். பிரேக் ஆயில் ஒரு சொட்டுகூட வேண்டாம். அது உள்ளே இருக்கும் சீல்களை ஊதிப் பெருக்க வைத்துவிடும், அப்புறம் எல்லா சிலிண்டரையும் இறக்க வேண்டிவரும். ஊற்றிய பிறகு எங்கே கசிகிறது என்று தேடுங்கள், தானாகக் குறையும் எண்ணெய் இது இல்லை. ரியர்வியூ கண்ணாடிக்கு மேலே எண்ணெய்ச் சொட்டு தெரிந்தால், கூரையின் முன்பக்கப் பூட்டை நகர்த்தும் சிலிண்டரின் சீல் போய்விட்டது. முழு சிலிண்டரும் புதிதாக வாங்கத் தேவையில்லை, சீல் மட்டும் மாற்றலாம். சிலிண்டரைக் கழற்றும்போது எந்தக் குழாய் எந்த வாய்க்கு என்று மாஸ்க்கிங் டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள், ஃபோனிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதியில் நிற்கும் கூரைக்கு ஒரு சம்பவம். அக்டோபர் மாலை, முட்டுக்காடு பாலம் தாண்டி ஓரங்கட்டியிருந்தேன். கடல் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. கூரையை மூட ஸ்விட்சைப் பிடித்தால் டிக்கி மூடி திறந்தது, கூரை எழும்பியது, செங்குத்தாக வந்ததும் நின்றுவிட்டது. முதல் தூறல் டாஷ்போர்டில் விழுந்துகொண்டிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு மூட முயன்றதுதான் தப்பு. பம்பு நிறைய கரண்ட் இழுக்கும், பழைய பேட்டரியால் தாங்க முடியவில்லை. எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஸ்விட்சைத் திரும்பப் பிடித்தேன். விட்ட இடத்திலிருந்து நகர்ந்து மூடிக்கொண்டது. அதிலிருந்து எஞ்சின் ஓடாமல் கூரையைத் தொடுவதில்லை. எஞ்சின் ஓடியும் நகரவில்லை என்றால் கையேட்டில் அவசரத்துக்குக் கையால் மூடும் முறை இருக்கிறது. படித்துவிட்டு, இரண்டு பேராகச் செய்யுங்கள், மடிப்புகளுக்குள் விரலை விடாதீர்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் வீட்டு வாசலிலேயே ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது.

ரப்பர் பீடிங்குகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிலிகான் கிரீஸ் தடவுங்கள். சிலர் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள், வாஸ்லீன் பூசுகிறார்கள். இரண்டும் வேண்டாம். ஒன்று தூசியைப் பிடித்துக்கொள்ளும், மற்றது ரப்பரைக் கெடுக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைகிறது, அரை மணி கழித்து ஸ்டார்ட் ஆகிறது

சித்திரை, வைகாசியில் அதிகம் வரும் நோய் இது. சூடானால் சாகும், ஆறினால் பிழைக்கும். சந்தேகப்பட வேண்டியது இரண்டு பேரை: எஞ்சின் சுற்றுவதைக் கண்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார், இன்னொன்று கே40 என்ற ரிலே பெட்டி.

வண்டி அணைந்த நிலையிலேயே சோதியுங்கள், ஆறிவிட்டால் சாட்சி போய்விடும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி நிறுத்துங்கள். பின்பக்கம் பெட்ரோல் பம்பு ஓரிரு விநாடி ‘ம்ம்ம்’ என்று முனக வேண்டும். முனகவில்லை என்றால் கே40 பக்கம் போங்கள். முனகுகிறது, ஆனால் ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்பிஎம் முள் துளிகூட அசையவில்லை என்றால் கிராங்க் சென்சாரின் மேல் சந்தேகம். அது விலை அதிகமில்லாத சாமான், மாற்றுவதும் எளிது. எஞ்சின் ஆறிய பிறகு கை விடுங்கள்.

கே40 எஞ்சின் அறையில் ஃபியூஸ் பெட்டிக்குள் இருக்கும். பல ரிலேக்களை ஒரே போர்டில் வைத்து அடைத்த பெட்டி. பெட்ரோல் பம்பு ரிலேயும் அதற்குள்தான். எஞ்சின் சூட்டிலேயே வருடக்கணக்கில் இருப்பதால் சால்டர் புள்ளிகள் விட்டுவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கே40ஐ உருவி, பிளாஸ்டிக் கொக்கிகளை மெதுவாக நெம்பி மூடியைத் திறந்தேன். பார்வைக்குப் போர்டு புதிது போலத்தான் இருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு வேலை பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பூதக்கண்ணாடி விளக்கை இழுத்துப் பிடித்து, “சார், இங்க பாருங்க, டிரை சால்டர்” என்றார். ரிலேயின் தடித்த கால் ஒன்றைச் சுற்றி, முடியைவிட மெல்லிய கறுப்பு வளையம். மரக்குச்சியால் அந்தக் காலைத் தட்டினார், வளையத்துக்குள் கால் தனியாக ஆடியது. மொத்தம் ஐந்து இடம். “அண்ணே, எல்லாப் புள்ளியும் சேர்த்து அடிச்சிடுங்க” என்றேன். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார். இருபது நிமிட வேலை. அதற்குப் பிறகு இரண்டு அக்கினி நட்சத்திரம் பார்த்துவிட்டது வண்டி, ஒருமுறைகூட வழியில் நிற்கவில்லை. பழைய ஈயத்தின் மேலேயே புதிதை ஒற்றிவிட்டால் சீக்கிரமே திரும்ப விரிசல் விடும், உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர் லீவர் ‘பி’யை (பார்க்கிங்) விட்டு நகரவில்லை

முதலில் பின்னால் போய் பிரேக் லைட் எரிகிறதா என்று பாருங்கள். பெடலை மிதித்தது வண்டிக்குத் தெரிந்தால்தான் லீவரின் பூட்டு விடும். எரியவில்லை என்றால் பெடலுக்கு மேலே இருக்கும் ஸ்விட்சை மாற்றினால் முடிந்தது.

எரிகிறது, இருந்தும் நகரவில்லை என்றால் லீவருக்கு அடியில் இருக்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் நெம்பு உடைந்திருக்கும். கிராஸ்ஃபயர்காரர்கள் எல்லோருக்கும் பழக்கமான பழுது இது. அவசரத்துக்கு லீவரின் மூடியை எடுத்துவிட்டு, ஒல்லியான ஸ்க்ரூ டிரைவரால் அந்தப் பூட்டை அழுத்திக்கொண்டே லீவரை இழுக்கலாம். பிரேக்கை மிதித்தபடி செய்யுங்கள். உலோகத்தில் செய்த மாற்றுத் துண்டு கிடைக்கிறது.

இரண்டாவது கியரிலேயே நிற்கிறது

சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிறது, பத்து கிலோமீட்டர் கழித்துத் திரும்பவும் வருகிறது. கியர்பாக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இரண்டாவது கியரில் பூட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். இந்த ஐந்து கியர் பெட்டி, 722.6, லேசில் சாகாத பெட்டி. என்னிடம் ஒரு ஒர்க்‌ஷாப் “கியர்பாக்ஸ் போச்சு” என்று சொல்லி லட்சக்கணக்கில் எஸ்டிமேட் போட்டது. அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் போனேன்.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, கியர்பாக்ஸின் பக்கவாட்டில் வட்ட ஒயர் பிளக் மாட்டியிருக்கும் இடத்தைத் துணியால் துடையுங்கள். துணியில் சிவப்பு எண்ணெய் வந்தால், அந்த பிளக் செருகும் பைலட் புஷ்ஷின் இரண்டு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போய்விட்டன. எண்ணெய் வெளியே சொட்டுவதோடு நிற்காது. ஒயருக்குள்ளேயே ஏறி, எஞ்சின் அறையில் இருக்கும் கியர்பாக்ஸ் கண்ட்ரோல் யூனிட் வரை போய்விடும். அதன் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் கான்டாக்ட் கிளீனரால் கழுவி உலர்த்துங்கள். புஷ்ஷை ஒரே ஒரு 7 மி.மீ. போல்ட் பிடித்திருக்கும். மெல்லிய போல்ட், இறுக்கும்போது வீரம் காட்ட வேண்டாம்.

புஷ் மாற்றியும் திரும்ப வந்தால் உள்ளே இருக்கும் கண்டக்டர் பிளேட். கியர்பாக்ஸின் வேகத்தை அளக்கும் சென்சார்கள் அதில்தான். கியர்பாக்ஸின் அடித்தட்டை இறக்கும் வேலை, அதையும் வீட்டில் செய்யலாம். தூசி இல்லாத நாளாகப் பாருங்கள், ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள், எண்ணெய் மெர்சிடிஸ் 236.14 தரம். இந்தப் பெட்டிக்கு டிப்ஸ்டிக் கிடையாது, குழாய் மட்டும் இருக்கும். அளக்கும் குச்சியைத் தனியாக வாங்கி, எண்ணெய் 80 டிகிரிக்குச் சூடான பிறகு, எஞ்சின் ஓடும்போது ‘பி’யில் வைத்து அளக்க வேண்டும். ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாத எண்ணெய் என்று ஒரு காலத்தில் சொன்னதை நம்பிக்கொண்டு நம் ஊர் டிராஃபிக்கில் ஓட்டினால் பெட்டி நிஜமாகவே போய்விடும்.

ஓடும்போது ஏசி குளிர்கிறது, மத்திய கைலாஷ் சிக்னலில் நின்றால் வெந்நீர்க் காற்று

கேஸ் ஏற்றச் சொல்லி ஓடாதீர்கள். வண்டி நிற்கும்போது கண்டென்சருக்கு (ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கேஸை ஆற்றும் பகுதி) காற்று கிடைக்கவில்லை என்பதுதான் இதன் அர்த்தம். ஏசியை ஓடவிட்டு, முன் கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் தண்ணீரைப் பூவாளி போலத் தெளியுங்கள். உள்ளே குளிர்ச்சி உடனே கூடினால் கேஸ் சரியாக இருக்கிறது, ஃபேன்தான் சுற்றவில்லை அல்லது கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சருகும் தூசியும் அடைத்திருக்கிறது. ஃபேனுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். சுற்றினால் ரிலே பக்கம் போங்கள், சுற்றாவிட்டால் மோட்டார்.

கூடவே டெம்பரேச்சர் முள்ளும் ஏறினால் கூலன்ட்டைப் பாருங்கள், ஆறிய பிறகு மட்டும். துரு நிறத்தில் இருந்தால் யாரோ போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு, வீட்டுக் குழாயில் படிவது போலவே ரேடியேட்டரிலும் படியும். முழுக்க இறக்கி, டிஸ்டில்டு தண்ணீரால் அலசி, சரியான கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

காலடி கார்ப்பெட் ஈரம்

எப்போது நனைகிறது என்று பாருங்கள். வெயில் நாளிலும் நனைந்தால் ஏசித் தண்ணீர் வெளியே போகும் குழாய் அடைத்திருக்கிறது. பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் ஹீட்டர் கோரிலிருந்து கூலன்ட். மழைக்குப் பிறகு மட்டும் என்றால், வைப்பருக்கு அடியில் இருக்கும் தொட்டி போன்ற பகுதியைத் திறந்து பாருங்கள். தூங்குமூஞ்சியும் வேம்பும் சின்னச் சின்ன இலையாக உதிர்ப்பவை. அவை மட்கி, வடிகால் துளையில் சாணி போல உட்கார்ந்துவிடும். இரண்டு கைப்பிடி அள்ளினேன் நான். கம்பியால் குத்தாதீர்கள், உள்ளே ரப்பர் குழாய் கிழியும். சைக்கிள் பிரேக் கேபிளின் மழுங்கிய முனையை விட்டு மெதுவாக ஆட்டினால் போதும். அப்புறம் வீட்டில் ஒருவரை டார்ச்சோடு உள்ளே உட்கார வைத்து, குவளை குவளையாக ஊற்றுங்கள். கீழிருந்து மேலாக, ஒரு நேரத்தில் ஒரே இடம். ஹோஸ் பைப்பைப் பிடித்து எல்லா இடத்திலும் அடித்தால் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் தெரியாது.

தெருவில் தண்ணீர் நின்று வண்டி மூழ்கியிருந்தால் இந்தச் சோதனைகள் எதற்கும் போகாதீர்கள், சாவியையே தொடாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்த்ததால் கெட்ட எஞ்சின்கள் பல. தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு வண்டியை இழுத்துக்கொண்டு போங்கள்.

இழுவை குறைந்துவிட்டது

எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் மாஸ் சென்சாரின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். கழற்றிய பிறகு வண்டி நன்றாக ஓடினால் சென்சார் தப்பான அளவு சொல்கிறது. அதற்கென்று விற்கும் கிளீனரை அடித்துப் பாருங்கள், தேறாவிட்டால் மாற்றுங்கள். அப்படியே எஞ்சினின் முன்பக்கம், கேம்ஷாஃப்ட் மேக்னட்டின் பிளக்கையும் உருவிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் இருந்தால் உடனே கவனிக்க வேண்டும். கியர்பாக்ஸ் போலவே இதுவும் ஒயர் வழியாக எஞ்சின் கண்ட்ரோல் யூனிட் வரை ஏறும்.

வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது

டயரின் பக்கத்தில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2316 என்றால் 2016ஆம் வருடம் 23ஆவது வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும், ஒரே இடத்தில் நின்ற பழைய டயர் அடிப்பக்கம் சப்பையாகிவிடும். முன்னால் 205/55 ஆர்16, பின்னால் 225/50 ஆர்16. இரண்டும் வேறு அளவு, முன்னுக்குப் பின் மாற்றிப் போட முடியாது.

உள்ளே பெட்ரோல் வாடை

இது ஒன்றுக்கு மட்டும் நாளை என்று தள்ளிப்போடக் கூடாது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1999இல் செய்த ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. எத்தனால் பழைய ரப்பரை ஊத வைக்கும், காய்ந்தால் விரிசல் விட வைக்கும், காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால் மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டியில் பழைய பெட்ரோலைத் தேங்கவிடாதீர்கள்.

வாடை வந்தால் வண்டியைத் திறந்த இடத்துக்குத் தள்ளிவிட்டு, பேட்டரியைக் கழற்றுங்கள். அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் வைத்துத் தேட வேண்டாம். எஞ்சின் ஆறிய பிறகு, டேங்க்கிலிருந்து ஃபில்டர், ஃபில்டரிலிருந்து எஞ்சின் என்று ஒவ்வொரு ரப்பர்க் குழாயையும் விரலால் வளைத்துப் பாருங்கள். வளைவில் நுண்ணிய கோடுகள் தெரிந்தால், தொட்டால் பிசுக்கென்று இருந்தால், மாற்ற வேண்டியதுதான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் குழாய் கேட்கும்போது சாதாரண பெட்ரோல் ஹோஸ் வாங்கிவிடாதீர்கள், அது கார்புரேட்டர் அழுத்தத்துக்கானது. எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று மேலேயே அச்சடித்திருக்கும் இன்ஜெக்‌ஷன் ஹோஸ் கேளுங்கள். கிளிப்பும் புதிது போடுங்கள். மாட்டிய பிறகு சாவியை ஆன் நிலைக்கு மட்டும் மூன்று நான்கு முறை திருப்பி, பம்பு அழுத்தம் ஏற்றட்டும். ஒவ்வொரு இணைப்பையும் காகிதத் துண்டால் ஒற்றிப் பாருங்கள். காகிதம் உலர்ந்தே வந்தால் ஸ்டார்ட் செய்யலாம்.